நான்கு வாசல் மண்டபத்தில் இரண்டு கல்யாணம்

அமானுல்லாவின் வாய் கொடுத்ததைப் பெஹ்ஜத்தின் கால் நடந்துபோய் வாங்கி வரும். அவர்களுடைய இல்லறம் இவ்வளவுதான் என்று தஃப்த் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அமானுல்லா கெட்டவன் இல்லை. சொல்லப்போனால் ஊரிலேயே நல்லவன், தொல்லையே அதுதான். கடைத்தெருவில் மிட்டாய்க்கடை வைத்திருந்தான். பாதாம் பொதிந்த பணியாரத்தைப் பொட்டலம் கட்டி நீட்டிவிட்டு, "உங்ககிட்டப் போய்க் காசு வாங்குறதா, சும்மா கொண்டு போங்க" என்பான். எல்லாக் கடைக்காரர்களும் இதைச் சொல்வார்கள். வாங்குகிறவர் மூன்று தடவை மறுத்துக் காசை வைத்துவிட்டுப் போவார். அது முறை. ஆனால் மற்றவர்கள் உதட்டோடு நிறுத்திக்கொள்கிற உபசாரம் அமானுல்லாவுக்கு நெஞ்சுவரை இறங்கிவிடும். கண் கலங்கிவிடும். மூன்று மறுப்புக்குப் பிறகும் விடமாட்டான். அதற்கு மேலும் மறுத்தால் மனிதன் மனசு நொந்துபோவானே என்று, வேண்டாதவர்கள்கூட வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்படிப் போனதுதான் பெஹ்ஜத் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சமோவர் என்கிற டீக் கொதிகலன். கறவை ஆடு ஒன்று போனது. சுவர்க் கடிகாரம் போனது. ஒரு பனிக்காலத்தில் காலில் போட்டிருந்த ஜோட்டையே கொடுத்துவிட்டு, அமானுல்லா வெறுங்காலோடு, முகமெல்லாம் சிரிப்பாக வீடு வந்து சேர்ந்தான்.

பெஹ்ஜத் யஸ்த் நகரத்துக்காரி. அவள் அப்பா மருதாணி அரைக்கிற ஆலையில் வேலை செய்தவர். ராட்சசக் கல் நாளெல்லாம் உருளுகிற இரைச்சலில் பேசிப் பழகிய குடும்பம் அது. அங்கே எதையும் ஒரு தடவைதான் சொல்வார்கள். அதையும் உரக்கச் சொல்வார்கள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் இதுதான், அதை அவள் நன்றாகத் தீட்டி வைத்திருந்தாள். சமோவர் போன வீட்டுக்குப் போவாள். டீயைக் குடித்துவிட்டு, "ஆகா, என்ன லட்சணமான சமோவர்" என்பாள். வீட்டுக்காரி முறைப்படி, "உங்களுக்கில்லாததா, எடுத்துக்குங்க" என்பாள். பெஹ்ஜத் முதல் வார்த்தையிலேயே எடுத்துக்கொள்வாள். சூடாக இருந்தால் முந்தானைத் துணியில் சுற்றிக்கொள்வாள். ஆடும் கடிகாரமும் இப்படித்தான் திரும்பி வந்தன. ஜோடு மட்டும் வரவில்லை. பிறத்தியார் காலில் கிடப்பதைப் புகழ அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இந்த வீட்டுக்கு அவள் கல்யாணப் பெண்ணாக வந்த கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. புழுதித் தெருவில் உயரமான மண் சுவர். அதில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு. உள்ளே எட்டுமூலை நடை, கண் தெரியாத இருட்டு. அதைத் தாண்டினால் நேர்கோடாக ஒரு வாய்க்கால், இரு கரையிலும் சைப்ரஸ் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் தீப்பிடித்த மாதிரி மாதுளம்பூ. நடு மத்தியில் நாலு பக்கமும் திறந்த மண்டபம், தலையில் சின்னக் குவிமாடத்தோடு. மருதாணித் தூசியில் வளர்ந்த பெண்ணுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. மாமியார் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜோட்டைக் கழற்றி வாய்க்காலில் காலை விட்டாள். கால் தரையைத் தட்டியது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மண்டபத்துக்கு நடுவிலிருந்த நீல ஓட்டுத் தொட்டியும் காய்ந்து கிடந்தது. ஒரு பல்லி அதற்குள்ளிருந்து மணப்பெண்ணை வெறித்துப் பார்த்தது. மாமனார் அன்றைய தண்ணீர் முறையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு உபசாரமாகக் கொடுத்துவிட்டாராம். பரம்பரை வியாதி. அன்றைக்கு முல்லா மூன்றாம் தடவை சம்மதம் கேட்டபோது பெஹ்ஜத்துக்குத் தொண்டை ஒட்டிக்கொண்டு சத்தமே வரவில்லை. நாலாம் தடவையும் கேட்க வேண்டியதாயிற்று. 'பொண்ணுக்கு இஷ்டமில்ல போல' என்று ஒரு வருஷம் பேசினார்கள்.

அந்தத் தொட்டி நடுவில் நீரூற்று துள்ளுவதை அப்புறம் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். கையில் துடைப்பத்தோடு பார்ப்பதும் கல்யாணப் பட்டோடு பார்ப்பதும் ஒன்றாகிவிடுமா? தன் மகள் தூபா அந்தத் தொட்டி துள்ளுகிற நேரத்தில்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

தூபாவுக்கு வரன் யஸ்திலிருந்தே வந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற ஜலீல். பல் விழுந்த அம்மாவுக்கென்று வாரம் தவறாமல் கடினமான மிட்டாயாகப் பார்த்து வாங்க வந்தவன், யாரைப் பார்க்க வருகிறான் என்பது அமானுல்லாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவை எல்லோரும் மரியாதையாக 'இஸ்மத் கானும்', அதாவது இஸ்மத் அம்மாள், என்பார்கள்; கறாரான மனுஷி. பெண் பார்க்க வந்த அன்று பெஹ்ஜத் டீயை நீட்டினாள். "வேண்டாம், சிரமப்படாதீங்க" என்றாள் இஸ்மத் கானும். மறுபடி நீட்டினாள். "உங்க கை நோகக்கூடாது, வேண்டாம்." வேண்டாம் என்றால் வேண்டாம்தானே என்று பெஹ்ஜத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் தடவைக்காகக் கையைப் பாதி நீட்டியிருந்த இஸ்மத் கானும், அந்தக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மலையோரப் பாதையில் நாக்கு வறண்டு ஊர் திரும்பினாளாம். அதற்குப் பிறகும் அந்தச் சம்பந்தம் நிலைத்ததென்றால் அது ஜலீலின் பிடிவாதம். "கல்யாணத்தன்னிக்காவது மொறையோட நடந்துக்குவாங்களான்னு பாக்குறேன். இல்லேன்னா விரிப்புலேர்ந்து எம் மகனக் கையப் புடிச்சு எழுப்பிட்டு வந்துருவேன்" என்று தரகுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாதுளை பூக்கிற பருவத்தில், தோட்டத்துத் தண்ணீர் முறை விழுகிற வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின வாரம் அமானுல்லா கடையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து, வெகு மெதுவாக ஜோட்டைக் கழற்றினான்.

"இன்னிக்கு ஹபீப் கடைக்கு வந்திருந்தான்" என்றான். ஹபீப் அவன் சித்தப்பா மகன்.

"என்னத்தக் குடுத்தீங்க?"

"டீ குடுத்தேன்."

"டீக்கு அப்புறம்?"

"அவன் மக ஃபொரூகுக்கும் வர்ற வெள்ளிதான் நிக்காஹாம். முற்றம் சின்னது, வெயில் தாங்காதுன்னு சும்மா பேச்சுக்குச் சொன்னான்."

"நீங்க பேச்சுக்குச் சொல்லல."

"தோட்டம் ஒன்னோடது தம்பின்னேன். ஐயையோ, முடியவே முடியாதுன்னான். அதெல்லாம் இல்லன்னு மறுபடி சொன்னேன்."

"எத்தன தடவ?"

"அஞ்சாறு இருக்கும்."

பெஹ்ஜத் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதே வெள்ளிக்கெழமதான் நம்ம தூபாவுக்குக் கல்யாணம். அது ஒங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. அதனாலதான் அவன் ஒத்துக்கவே மாட்டான்னு தைரியமாச் சொன்னேன்."

மறுநாள் காலையிலேயே பெஹ்ஜத் ஹபீப் வீட்டுக்குக் கிளம்பினாள். ஹபீப் முகத்தைப் பார்த்தால் சொத்துக் கிடைத்தவன் மாதிரி இல்லை. சொத்துப் போனவன் மாதிரி இருந்தான்.

"மதினி, முற்றத்துக்குப் பந்தல் துணிகூடச் சொல்லி வச்சிருந்தேன். நாலு தடவ மாட்டேன்னேன். அஞ்சாந் தடவ அண்ணன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"இப்ப வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"அண்ணன் குடுத்தத ஹபீப் ஒதறிட்டான்னு ஊரு பேசாதா? மாப்ள வீட்டுக்கும் தோட்டத்துலதான்னு சொல்லியாச்சு."

பெஹ்ஜத் தன் பழைய ஆயுதத்தை எடுத்தாள். முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, "எவ்வளவு லட்சணமான முற்றம். இங்க ஒரு கல்யாணம் நடந்தா எப்படி இருக்கும்" என்றாள். ஹபீப் 'அதுவும் சரிதான், இங்கயே வச்சுக்கறேன்' என்று சொல்வான் என்பது அவள் கணக்கு.

ஹபீப் நெஞ்சில் கை வைத்தான். "மதினி, இது ஒங்க முற்றம். தூபா கல்யாணத்த இங்கயே வச்சுக்குங்க. நீங்க மாட்டேன்னா நான் மனசு ஒடஞ்சு போயிருவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெஹ்ஜத் மூன்று தடவை மறுத்தாள். நாலாவது வருவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மண்டபப் படியில் உட்கார்ந்தாள். தூபா குழாய் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். தோட்டத்து உச்சியில் மேட்டுத் தொட்டி. அதன் அடைப்பை எடுத்தால் தண்ணீர் மண்ணுக்கடியிலுள்ள சுட்டமண் குழாய் வழியாக இறங்கி, மண்டபத்துத் தொட்டியில் தானாகத் துள்ளும். குழாய்க்குள் மாதுளை வேர் சடை பிடித்திருந்தது. ஒரு முழம் வேரை இழுத்துப் போட்டுவிட்டுத் தூபா கேட்டாள்: "என்னம்மா, கெடச்சுதா?"

"கெடச்சுது. அவங்க முற்றமும் சேந்து கெடச்சுது."

தூபா சிரிக்க ஆரம்பித்தாள். பெஹ்ஜத்துக்கும் தொற்றிக்கொண்டது. அழ வேண்டிய இடத்தில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் பெஹ்ஜத்துக்கு அது கண்ணில் பட்டது. மேலே வாய்க்கால், கீழேயும் வாய்க்கால். அந்தப் பக்கம் மாதுளை, இந்தப் பக்கமும் மாதுளை. மண்டபத்துக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி வளைவு. எங்கே நின்றாலும் நிற்கிற இடம்தான் முகப்பு என்று தோன்றும்.

"இத கட்டின மகராசனும் ஒங்கப்பன் மாதிரி உபசாரக்காரன்தான்டி" என்றாள். "எந்தப் பக்கத்து விருந்தாளிக்கும் மனசு நோகக் கூடாதுன்னு பின்பக்கமே இல்லாம கட்டியிருக்கான். நீ கீழ வளைவுல ஒக்காரு. அவ மேல வளைவுல ஒக்காரட்டும். நடுவுல தொட்டி, ரெண்டு பேருக்கும் பொது."

மேல் வளைவு நல்ல வளைவு. அதை விருந்தாளிக்குக் கொடுக்காவிட்டால் அமானுல்லாவுக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பாக்கி இருந்தது நீர்க்கட்டி ரஜப். ஊர்த் தண்ணீரைத் தோட்டம் தோட்டமாகத் திருப்பி விடுகிறவன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடச் சொல்லிக் கேட்டாள்.

"தண்ணிக்கு உபசாரம் தெரியாது கானும்" என்றான் ரஜப். "அதோட பழகிப் பழகி எனக்கும் மறந்துபோச்சு. சாயங்காலம் மேக்குச் சுவரு நெழலு வாய்க்கால் கரையத் தொட்டா, மடைய அடுத்த தோட்டத்துக்குத் திருப்பிருவேன். எங்கம்மா கல்யாணமா இருந்தாலும் திருப்பிருவேன்."

"குலவச் சத்தம் கேட்டதும் அடைப்ப எடுத்துவிடு. அது போதும்."

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு கல்யாணக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்ததில், எட்டுமூலை நடையிலேயே 'நீங்க முன்னாடி போங்க, நீங்க முன்னாடி போங்க' என்று வெகுநேரம் யாரும் உள்ளே வரவில்லை. கடைசியில் தாம்பாளம் தூக்கி வந்த ஒரு கழுதை நுழைந்தது; அதன் பின்னால் எல்லோரும் மரியாதையாக நுழைந்தார்கள்.

உள்ளே வந்ததும் தோட்டம் தன் வேலையைக் காட்டியது. வெயிலில் வெந்து வந்தவர்கள் நிழலிலும் ஈர வாசனையிலும் பட்டதும் காரணமில்லாமல் சிரித்தார்கள். பெரியவர்கள் கால்களை வாய்க்காலில் விட்டார்கள். எந்தக் கல்யாணத்துப் பலகாரம் யார் வாயில் போகிறது என்று கணக்கில்லை. ஃபொரூகின் மாப்பிள்ளை வீட்டார் ஜலீலைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். ஜலீலும் அவர்களுக்கு அழுத்தி நன்றி சொன்னான்.

கீழ் வளைவில் திரைக்குப் பின்னால் தூபா ஜலீலோடு கல்யாண விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடி, மெழுகுவர்த்தி, தேன் கிண்ணம். பெண்கள் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்திருக்க, பெஹ்ஜத் இரண்டு சர்க்கரைக் கூம்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பதி இனிப்பாக வாழ அந்தத் துணிமேல் உரசத் தயாராக நின்றாள். பக்கத்தில் இஸ்மத் கானும், முதுகு வளையாமல். மேல் வளைவுத் திரைக்குப் பின்னால் இதே மாதிரி ஃபொரூக். இரண்டுக்கும் நடுவில், தொட்டி ஓரம் நாற்காலி போட்டு முல்லா. ஊரில் அன்றைக்கு ஓய்வாகக் கிடைத்த முல்லா அவர் ஒருவர்தான்.

"எந்தப் பொண்ணு முதல்ல?" என்றார் முல்லா.

"விருந்தாளிப் பொண்ணு" என்றான் அமானுல்லா, பக்கவாட்டு வளைவிலிருந்து.

"அண்ணே, நாங்க ஒங்க காலடி மண்ணு" என்றான் ஹபீப், எதிர் வளைவிலிருந்து. "வீட்டுப் பொண்ணு இருக்கும்போது எங்க பொண்ணு வாயத் தொறப்பாளா?"

"என் தலமேல சத்தியமா, ஃபொரூக்தான்."

"என் ரெண்டு கண்ணுமேல சத்தியமா, தூபாதான்."

முல்லாவின் தலைப்பாகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பியது. ஹபீப்பின் சம்பந்தி எழுந்து, தன் மருமகள் இரண்டாவதாகச் சொல்வதுதான் தனக்குக் கௌரவம் என்றார். இந்தப் பக்கமும் யாராவது சொல்ல வேண்டுமே. எல்லோரும் இஸ்மத் கானுமைப் பார்த்தார்கள். முழங்கால் வலியில் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தவள், "ஆமா, அவங்க பொண்ணே முதல்ல சொல்லட்டும்" என்றாள். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

பெஹ்ஜத் திரை இடுக்கில் வெளியே பார்த்தாள். மேற்குச் சுவர் நிழல் மாதுளை வரிசையைத் தாண்டி சைப்ரஸ் அடிக்கு வந்துவிட்டது. மேட்டில் ரஜப் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, கல்யாணத்தைப் பார்க்காமல் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் ஒவ்வொரு பெண்ணையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டதும் தோழிகள், 'பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா' என்பார்கள். இரண்டாம் தடவைக்கு, 'பன்னீர் கொண்டாரப் போயிருக்கா.' மூன்றாவதில்தான் பெண் வாயைத் திறக்கலாம். முந்திச் சொன்னால் வெட்கம் கெட்டவள். இங்கே முதல் கேள்வியே பிறக்கவில்லை.

"ஏங்க, யாராவது ஒருத்தர் ஆரம்பிங்களேன்" என்று கத்த வாயெடுத்தாள். இஸ்மத் கானும் பக்கத்தில் நின்றாள். பெஹ்ஜத் வாயை மூடிக்கொண்டாள். டீத் தட்டு ஞாபகம் வந்தது. மகள் வாழ்வு பெரிது. தண்ணீர் போனால் போகட்டும். காய்ந்த தொட்டிதான் இந்த வீட்டுப் பெண்களுக்கு எழுதியிருக்கிறது.

நிழல் வாய்க்கால் கரைக்கு ஒரு சாண் இருந்தது.

"விருந்தாளிதான் முதல்ல" என்றான் அமானுல்லா. இப்போது அவன் கண் கலங்கிவிட்டது. இனி விடியும்வரை ஓயாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"சம்மதம்" என்று ஒரு குரல் கேட்டது.

மருதாணி ஆலைக் குரல். குவிமாடம் அதை வாங்கி நாலு வளைவுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

முல்லா திரையைப் பார்த்தார். "யாரும்மா அது?"

"நான்தான், தூபா."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேம்மா."

"நீங்க கேக்குறதுக்குள்ள தண்ணி போயிரும் முல்லா."

பலகாரம் மென்ற வாய்கள் அப்படியே நின்றன. மேலே பிடித்த வெள்ளைத் துணி ஒரு பக்கம் தொய்ந்தது. பெஹ்ஜத்தின் கையிலிருந்த சர்க்கரைக் கூம்புகள் ஒன்றோடொன்று தாமாகவே உரசின. இஸ்மத் கானும் குனிந்து விரிப்பைப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே தூபா தலையைக் குனியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலீல் பக்கத்தில் உட்கார்ந்து, தபாலில் தொலைந்துபோன பார்சல் திரும்பி வந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மாக்காரி ரெண்டாந் தடவைலயே டீயத் தூக்கிட்டுப் போனா" என்றாள் இஸ்மத் கானும், எல்லோருக்கும் கேட்கும்படி. "மக ஒரு தடவகூடக் கேக்கறதுக்கு முன்னாடி சம்மதத்தக் கொண்டாந்து நீட்டுறா."

பெஹ்ஜத் சர்க்கரைக் கூம்புகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கொறஞ்சது இன்னிக்குச் சேந்து வந்துருச்சு. கணக்கு சரியாப் போச்சு." இஸ்மத் கானுமின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பல்லில்லாத வாயைக் கையால் மூடப் பார்த்தாள், முடியவில்லை. "முல்லா, என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க? சட்டுனு கேளுங்க. நின்னு நின்னு என் முட்டி கழண்டுரும் போல இருக்கு."

முல்லா ஒரே மூச்சில் கேட்டார். தூபா, "பெரியவங்க ஆசியோட, சம்மதம்" என்றாள், இந்தத் தடவை முறைப்படி, சின்னக் குரலில். குலவை கிளம்பியது. எந்தப் பக்கத்துப் பெண்கள் என்றில்லை, இரண்டு வளைவும் சேர்ந்து குலவையிட்டன.

மேட்டில் ரஜப் அடைப்பைப் பிடுங்கினான்.

மண்ணுக்கடியில் ஏதோ இருமியது. தொட்டிக்கு நடுவிலிருந்த குழாய் முனை ஒரு தடவை விக்கியது; ஒரு துண்டு மாதுளை வேரைத் துப்பியது. பிறகு தண்ணீர் எழும்பியது பாருங்கள், சுத்தமான குழாயில் இத்தனை வருஷ ஆசையும் சேர்ந்து வந்த மாதிரி, ஆள் உயரம் தாண்டி, குவிமாடத்தின் கழுத்தைத் தொட்டுவிட்டு, இறங்குகிற வழியில் முல்லாவின் மேல் முழுசாக இறங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், என்ன குளிர்ச்சி" என்றார். சொட்டச் சொட்ட மேல் திரைப் பக்கம் திரும்பி, "ஃபொரூக், நீயும் சொல்லிரும்மா" என்றார். அங்கேயும் பூப்பறிக்க யாரும் போகவில்லை.

மெழுகுவர்த்திகள் அணைந்தன, தேன் கிண்ணத்தில் தண்ணீர் தெறித்தது, ஒருவரும் லட்சியம் பண்ணவில்லை. பெஹ்ஜத் ஜோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கல்யாணப் பட்டோடு வாய்க்காலில் இறங்கினாள். கால் தரையைத் தட்டவில்லை. கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. தலை கிறுகிறுத்தது, அன்றைக்கு மாதிரியே.

இஸ்மத் கானும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு, "எவ்வளவு அருமையான எடம்" என்றாள்.

அமானுல்லாவின் கை நெஞ்சுக்குப் போனது. கண் கலங்கியது. "கானும், இது உங்க..."

பெஹ்ஜத் இரண்டே எட்டில் வாய்க்காலிலிருந்து ஏறி வந்து, கையிலிருந்த சர்க்கரைக் கூம்பின் முனையை உடைத்து அவன் வாய்க்குள் வைத்தாள். பெரிய துண்டு. கரைய நேரமாகும்.

அப்புறம் உள்ளே போய் டீ கொண்டுவந்து சம்பந்தியிடம் நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள், இன்றைக்கு எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் நகர்வதில்லை என்ற தீர்மானத்தோடு. இஸ்மத் கானும் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டாள்.

நிழல் வாய்க்கால் கரையைத் தொட்டது. ரஜப் மடையைத் திருப்பினான்.